ஹாலில் பேஸ் (கீழ்ச்சத்தம்) குமுறுகிறது: ஸ்பீக்கர் பெட்டியை மாற்றணுமா, இடத்தை மாற்றணுமா?

சிப்புட்வாசி:

அனைவருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, கோர்னர் யூனிட். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், சீலிங் உயரம் 10 அடி. செங்கல் சுவர், தரை முழுக்க டைல்ஸ், நாக்கோ (பட்டை பட்டையாக அடுக்கித் திறந்து மூடும்) கண்ணாடி சன்னல்.

செட் விவரம்: 8 அங்குல வூபர் (கீழ்ச்சத்தம் தரும் ஸ்பீக்கர்) உள்ள இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 18 அங்குல உயரம், பின்பக்கம் இரண்டரை அங்குல ஓட்டை. பழைய ஜப்பான் ஆம்ப்ளிபயர், பேஸ், டிரெபிள், லவுட்னஸ் பட்டன் எல்லாம் உண்டு. பாட்டு பெரும்பாலும் லேப்டாப்பில் இருந்து, கொஞ்சம் சிடி.

பெட்டிகள் 16 அடி நீளச் சுவரில், உயரம் குறைந்த கேபினட் மேல், சுவரை ஒட்டி 4 அங்குல இடைவெளியில் இருக்கின்றன. இடது பெட்டி மூலையில். வலது பெட்டிக்குப் பக்கத்தில் சமையலறைக்குப் போகும் திறப்பு. சோபா எதிர்ச்சுவரில் முதுகு முட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் பொது.

பிரச்சினை: சில பாட்டில் பேஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தாலே ஹால் முழுக்க ‘கும்’ என்று நிற்கிறது, அடுத்த சுரம் வந்த பிறகும் அடங்கவில்லை. உறுமி மேளம் போட்டால் தோல் சத்தமே கேட்காது, குமுறல் மட்டும்தான். பேஸ் திருகைக் கடைசி வரை குறைத்தாலும் அந்தக் ‘கும்’ போகவில்லை, பாடுபவர் குரல்தான் மெலிந்துபோகிறது. இதே செட் தோட்டத்துப் பலகை வீட்டில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை.

5 அங்குலப் பெட்டிக்கு மாறலாமா? சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சரியாகுமா? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.


பழைய_ஆம்ப்:

தம்பி, பெட்டி வாங்கப் போகாதீங்க. முதல்ல காசில்லாம பார்க்க வேண்டிய நாலு விசயம் இருக்கு.

லவுட்னஸ் பட்டன் அமுங்கி இருந்தா எடுத்துவிடுங்க. குறைஞ்ச சத்தத்தில நம்ம காதுக்கு பேஸ் சரியா விழாது, அதை ஈடுகட்டத்தான் அந்தப் பட்டன் கீழ்ச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்குது. சத்தம் கூட்டி வைக்கும்போதும் அது அமுங்கியே கிடந்தா பேஸ் அளவுக்கு மீறிப் போயிடும். லேப்டாப்பில ‘பேஸ் பூஸ்ட்’ மாதிரி ஏதும் ஓடுதான்னும் பாருங்க. இரண்டு இடத்திலயும் கூடினா திருகு என்ன செய்யும்?

அடுத்தது வூபரைச் சுத்தி இருக்கிற வளையம். பழைய பெட்டின்னா அது ஸ்பாஞ்சு வளையமா இருக்கலாம். நம்ம ஊர்ப் புழுக்கத்தில அது பிசுபிசுத்து உதிர்ந்துடும். விரல் நுனியால மெதுவா தொட்டுப் பாருங்க. தூள் ஒட்டினா, கிழிசல் தெரிஞ்சா, வளையம் மாத்தாம மற்ற எந்த வேலையும் பலிக்காது. ரப்பர் வளையம்னா பெரும்பாலும் கவலை இல்லை.

வயர் மாறி இருக்கான்னு பாருங்க. இரண்டு பெட்டியிலயும் சிவப்பு சிவப்போடயும் கறுப்பு கறுப்போடயும் போகணும். ஒண்ணு மட்டும் தலைகீழா இருந்தா பேஸ் குறையும், குரல் நடுவில நிக்காம எங்கயோ பரவிக் கேட்கும். சில பேர் ‘பேஸ் குறையுதே’ன்னு வேணும்னே ஒரு பக்கத்தை மாத்திக் குடுப்பாங்க. அது வைத்தியம் இல்ல, முழுப் பாட்டையும் கெடுக்கிற வேலை.

வயர் மெல்லிசா, நீளமா இருந்தாலும் பேஸ் தளரும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 10 மீட்டர் போனா, போக வர எதிர்ப்பு அரை ஓம் கிட்ட வந்துடும். 2.5 போட்டா அது 0.14 ஓம்தான். ஆனா உங்க ‘கும்’முக்கு இது காரணமா இருக்கும்னு நான் நினைக்கல. கும்முக்கு ஹால்தான் காரணம், அதை அளந்து பார்க்கத் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.


ஈப்போ_ஒலி:

சிப்புட்வாசி, விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: பலகை வீட்டில் இல்லை, செங்கல் வீட்டில் இருக்கிறது. பலகைச் சுவர் கீழ்ச்சத்தத்துக்கு வளைந்து கொடுக்கும், இடுக்கு வழியாக வெளியே விட்டும்விடும். செங்கல் அப்படியே திருப்பி அடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை போய்வந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தன் மேலேயே ஏறி நின்றுவிடுகிறது. பாட்டு நகர்ந்த பிறகும் அது அடங்க நேரம் எடுக்கும். நீங்கள் ‘கும்’ என்று கேட்பது இதைத்தான்.

எந்த அதிர்வெண் என்று கணக்கிடுவது சுலபம். நம் நாட்டுச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1145 அடி. சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தை அடியில் எடுத்து, 570ஐ அதால் வகுத்தால் போதும். உங்கள் அகலம் 11 அடி: 52 ஹெர்ட்ஸ். உயரம் 10 அடி: 57. நீளம் 16 அடி: 36. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி வெறுமனே 41 ஹெர்ட்ஸ், அதன் நாலாவது கட்டில் (பிரெட்டில்) விரல் வைத்தால் 52. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் உங்கள் ஹாலும் சேர்ந்து பாடுகிறது. பக்கத்திலேயே 57ம் இருப்பதால் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. 11க்கு 10 என்று அகலமும் உயரமும் இவ்வளவு நெருங்கி வருவது நல்லதில்லை, ஆனால் கட்டிய வீட்டை என்ன செய்வது.

பேஸ் திருகு ஏன் தோற்கிறது? அது 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் மொத்தமாக இறக்கும். 52இல் நிற்கும் ஒற்றை மேடு மற்றவற்றைவிட 12 டெசிபல் உயர்ந்திருந்தால், எல்லாவற்றையும் 10 இறக்கிய பிறகும் அது 12 உயர்ந்துதான் நிற்கும். நடுவில் மாட்டிக்கொள்வது ஆண் குரலின் கனமும் தவிலின் உடம்பும்.

இப்போது உங்கள் இடவமைப்பு. சுவரை ஒட்டிய இடத்தில்தான் இந்த அலையின் அழுத்தம் உச்சம். பெட்டி ஒரு சுவரில், உங்கள் காது எதிர்ச்சுவரில். 52ஐ அதிகபட்சமாகக் கிளப்பும் இடத்தில் பெட்டியையும், அதிகபட்சமாக வாங்கும் இடத்தில் காதையும் வைத்திருக்கிறீர்கள். மூலையில் நிற்கும் பெட்டிக்குப் பின்சுவர், பக்கச்சுவர், தரை மூன்றும் சேர்ந்து இன்னும் தூக்கிக் கொடுக்கின்றன.

நான் சொல்வது: முழு அமைப்பையும் திருப்புங்கள். பெட்டிகள் 11 அடிச் சுவருக்குப் போகட்டும், நீங்கள் 16 அடி நீளவாக்கில் கேளுங்கள். அப்போது 52 ஹெர்ட்ஸ் அலை உங்களுக்குக் குறுக்கே, இடம் வலமாக ஓடும். அறையின் நடுக்கோட்டில் அதன் அழுத்தம் கிட்டத்தட்ட சூனியம், நீங்கள் அங்கேதான் உட்காரப்போகிறீர்கள். இன்னொரு நன்மையும் உண்டு. பேஸ் பெரும்பாலும் இரண்டு பெட்டியிலும் ஒன்றாகவே வரும். இரண்டும் பக்கச்சுவர்களில் இருந்து சம தூரத்தில் நின்றால், இடது பெட்டி அந்த அலையை ஒரு பக்கம் தள்ளும்போது வலது பெட்டி மறுபக்கம் தள்ளும். அலை கிளம்பவே சிரமப்படும்.

தொடக்க அளவுகள்: பக்கச்சுவரில் இருந்து வூபரின் நடுப்பகுதி வரை 2 அடி 9 அங்குலம், இரண்டு பக்கமும் துல்லியமாகச் சமம். பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து வூபர் வரை இரண்டரை அடி. தரைக்கு, பின்சுவருக்கு, பக்கச்சுவருக்கு மூன்று தூரமும் ஒன்றாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காது, உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து 5 முதல் 6 அடி. சோபாவை மட்டும் சுவரை விட்டு இழுக்க மனம் வராவிட்டால் இந்த வேலையில் பாதி வீண்.

திருப்பும் முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அளந்து எண்களைப் போடுங்கள். போனில் ஒலி அளக்கும் செயலி, லேப்டாப்பில் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி சுரம். செயலியில் ‘ஏ’ எடை (காதின் உணர்வுக்கேற்ப எண்ணைத் திருத்திக் காட்டும் முறை) இருந்தால் ‘சி’ அல்லது ‘இசட்’டுக்கு மாற்றுங்கள், ‘ஏ’ எடை 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். போன் உங்கள் தலை இருக்கும் இடத்தில் இருக்கட்டும், கையில் வேண்டாம். சத்தம் மிதமாகப் போதும். தனிச் சுரத்தை உரக்க நீண்ட நேரம் ஓடவிட்டால் வூபர் சுருள் சூடேறிப் போகும்.


சிப்புட்வாசி:

நன்றி அண்ணே. லவுட்னஸ் பட்டன் அமுங்கித்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். வளையம் ரப்பர், நல்லாயிருக்கிறது. வயர் சரி.

பழைய இடத்தில், லவுட்னஸ் இல்லாமல், சோபாவில் அளந்தது: 36 ஹெர்ட்ஸில் 74, 45இல் 75, 52இல் 89, 57இல் 86, 63இல் 80, 72இல் 76, 100இல் 76 டெசிபல். இடது பெட்டி மட்டும் ஓடும்போது 52இல் 86, வலது மட்டும் என்றால் 79.

வாசல் பக்க 11 அடிச் சுவரில் சன்னல் மட்டும்தான், கதவு பக்கவாட்டில் இருக்கிறது, அதனால் பெட்டி வைக்க இடம் உண்டு. ஆனால் சரியான ஸ்டாண்ட் இல்லை. அதே கேபினட்டைத் தள்ளி அதன் மேலேயே வைக்கலாமா?


தச்சுமேசை:

தம்பி, கேபினட் வேண்டாம்ப்பா. உள்ளே காலியான பலகைப் பெட்டி மேல பேஸ் பெட்டிய வச்சா அதுவும் சேர்ந்து முழங்கும். இன்னொண்ணு உயரம். வூபர் தரைக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ, அந்த 57 ஹெர்ட்ஸ அவ்வளவு நல்லா கிளப்பும். இப்ப உங்க வூபர் தரையில இருந்து ஒரு அடிதான் இருக்கும். இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல தூக்கினா 57இல 3 டெசிபல் கிட்ட குறையும்.

ஸ்டாண்ட் வாங்கணும்னு அவசியமில்ல. ஹார்ட்வேர் கடையில 16க்கு 8க்கு 8 அங்குலம் சிமெண்டு ஓட்டைக்கல் கிடைக்கும். ஒரு அடுக்குக்கு இரண்டு கல் பக்கம் பக்கமா படுக்க வைங்க, மேல் அடுக்குக் கல்ல குறுக்கா திருப்பி வைங்க, மூணு அடுக்கு. 24 அங்குல உயரம் வரும், அடி 16க்கு 16, ஆடாது. ஒரு பக்கத்துக்கு 6 கல், மொத்தம் 12. ஒரு கல்லை நிமிர்த்தி அது மேல பெட்டிய நிறுத்துற வேலை வேண்டாம், சின்னப் பிள்ளை ஒண்ணு ஓடிவந்து மோதினா பெட்டியோட கல்லும் சாயும். டைல்ஸ் கீறாம அடியில பழைய கார்பெட் துண்டு போடுங்க. கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில, நாலு மூலையிலயும் ரப்பர் துண்டு, அரை அங்குலக் கனம் போதும். டிவீட்டர் (மேல்சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) 38 அங்குலத்துக்கு வரும், சோபாவில உட்கார்ந்தா காது மட்டம்.

முட்டைத் தட்டு கேட்டீங்க. வேண்டாம். 52 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 22 அடி, கால் அலையே ஐந்தரை அடி. ஒரு அங்குல அட்டை அதை என்ன பண்ணும்? மெல்லிசா ஒட்டுற ஸ்பாஞ்சும், திரைச்சீலையும், கார்பெட்டும் மேல்சத்தத்தை மட்டும் தின்னும். கடைசியில பேஸ் இன்னும் அதிகமான மாதிரிதான் கேட்கும். முட்டைத் தட்டு தீப்பிடிக்கிற சாமானும்கூட.

மூலையில ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) வைக்கலாம், ஆனா கனமா வைக்கணும். 4 அங்குலப் பலகை, 2 அடிக்கு 4 அடி, மூலைக்குக் குறுக்கா முக்கோணமா நிறுத்தி, பின்னால இடம் விட்டு, தரையில இருந்து சீலிங் வரைக்கும். அப்படி வச்சாலும் 80, 100 ஹெர்ட்ஸ்ல நல்லா வேலை செய்யும், 52இல கொஞ்சம்தான். அதைத் தொட்டு வேலை செய்யும்போது கையுறை, முகமூடி கட்டாயம். முழுசா துணியில சுத்தணும், கூரை ஒழுகுற மூலையில வைக்கக்கூடாது. நனைஞ்சா தொங்கிடும். நீங்க முதல்ல இடத்தை மாத்துங்க, அதுக்கு மேலயும் தேவைப்பட்டா இதைப் பார்க்கலாம்.

பின் ஓட்டைய அடைக்கிறது ஒரு நல்ல வழி. துளை உள்ள சாதா ஸ்பாஞ்சு, 3 அங்குலக் குறுக்களவு, 4 அங்குல நீளம் வெட்டி, இரண்டரை அங்குல ஓட்டையில திருகி நுழைங்க. ஒரு அங்குலம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், உள்ள விழுந்தா பெட்டிய பிரிக்க வேண்டி வரும். சுத்தமான காலுறைய உருட்டியும் சோதிச்சுப் பார்க்கலாம். அடைச்சா ஓட்டை பாடுற 40, 50 ஹெர்ட்ஸ் வட்டாரம் இறங்கும். ஒரு எச்சரிக்கை: ஓட்டை வேலை செய்யும்போது அந்த வட்டாரத்தில வூபர் அதிகம் அசையாது, அடைச்ச பிறகு முழுப் பாரமும் அது தலையில. சத்தத்த ரொம்ப ஏத்தினா வூபர் தட்டுற சத்தம் வரும். வந்தா உடனே குறைங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு ஸ்பாஞ்சு பூசணம் பிடிக்கும், மாசம் ஒரு தடவை எடுத்து வெயில்ல காட்டுங்க. அடைக்காம விட்டாலும் ஓட்டை வாயில மெல்லிய வலைத்துணி கட்டுறது நல்லது, பல்லி உள்ள போய் முட்டை வைக்கும்.


சிப்புட்வாசி:

அக்கா, கல் அடுக்கிவிட்டேன். அண்ணன் சொன்ன அளவுப்படி பெட்டிகள் சன்னல் சுவரில், சோபா பின்சுவரை விட்டு ஐந்தரை அடி. ஓட்டை இன்னும் அடைக்கவில்லை.

புது எண்கள்: 36இல் 78, 45இல் 74, 52இல் 76, 57இல் 80, 63இல் 75, 72இல் 74, 100இல் 73. ஆனால் 115இல் 68க்கு விழுகிறது.

உறுமியில் குச்சி உரசுவது இப்போது தனியாகக் கேட்கிறது. பாட்டில் அந்த ஒற்றைச் சுரம் நிற்பதும் இல்லை. புதிதாக ஒன்று: சுரம் 60 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்ச்சி. வூபர் போய்விட்டதா?


பழைய_ஆம்ப்:

வூபர் இல்ல தம்பி, பெட்டி இப்ப சன்னல் பக்கம் வந்திருக்கு. நாக்கோ கண்ணாடியா இருக்கும். அந்தச் சுரத்தையே ஓடவிட்டு, ஒவ்வொரு கண்ணாடியா விரல வச்சு அமுக்குங்க. சத்தம் நிக்கிற கண்ணாடிதான் ஆள். அலுமினியப் பிடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில மெல்லிய ஃபெல்ட் (கம்பளி) துணிப் பட்டை செருகினா அடங்கிடும். அதோட சாமி மேடை மணி, குத்துவிளக்குத் தட்டு, சுவர்ப் படம், காத்தாடி மூடி இதெல்லாமும் தொட்டுப் பாருங்க. பேஸ் அதிகம்னு நாம குறை சொல்றதில பாதி இந்த மாதிரி சாமான் கூடச் சேர்ந்து பாடுறதுதான்.


ஈப்போ_ஒலி:

நல்ல மாற்றம். 52 மட்டும் 13 டெசிபல் இறங்கியிருக்கிறது.

36இல் 78 என்பதைத் தொட வேண்டாம். அவ்வளவு கீழே போகும் பாட்டு குறைவு.

115இல் வரும் பள்ளத்துக்குக் காரணம் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவர். வூபரில் இருந்து பின்பக்கம் போன அலை இரண்டரை அடி போய், மோதி, திரும்பி வரும்போது அரை அலை பிந்தி, நேர் அலையை அழிக்கிறது. 1145ஐ நாலு மடங்கு தூரத்தால் வகுங்கள்: 1145ஐ 10ஆல் வகுத்தால் 114.5. உங்கள் அளவீடு கணக்கோடு பொருந்துகிறது. இதை ஈக்வலைசரால் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) தூக்கி நிரப்பப் பார்க்காதீர்கள். நேர் அலையைத் தூக்கினால் அதை அழிக்கும் அலையும் அதே அளவு தூக்கப்படும். 6 டெசிபல் தூக்க ஆம்ப் நாலு மடங்கு பவர் தர வேண்டும், பலன் ஒன்றும் இருக்காது. இடத்தை மாற்றினால் பள்ளமும் நகரும்: 3 அடி என்றால் 95க்கு, ஒன்றரை அடி என்றால் 190க்கு. ஒன்றரை அடிக்குக் கொண்டுபோனால் சுவர் பேஸைக் கொஞ்சம் திரும்பக் கூட்டும், அதற்கு ஓட்டையில் அக்கா சொன்ன ஸ்பாஞ்சு போட்டுச் சமன் செய்யலாம். இரண்டு இடத்திலும் ஒரே பாட்டைக் கேளுங்கள். ஆண் குரல் எங்கே நெஞ்சோடு சேர்ந்து வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். எனக்குக் கேட்டால் 3 அடியை முதலில் பார்ப்பேன்.

மிச்சம் 57இல் நிற்கும் மேடு. இதற்குத்தான் ஈக்வலைசர். விண்டோஸ் லேப்டாப் என்றால் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ இலவசம். பீக் வகை (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் ஏற்றி இறக்கும்) பில்டர் ஒன்றே ஒன்று: 57 ஹெர்ட்ஸ், மைனஸ் 4 டெசிபல், க்யூ 5. க்யூ 5 என்றால் ஏறத்தாழ 11 ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் தொடும், குரலுக்கு ஒன்றும் ஆகாது. போட்ட பிறகு மறுபடி அளந்து, தேவையானால் ஒரு டெசிபல் கூட்டிக் குறையுங்கள். ஆம்ப் பேஸ் திருகு நடுவுக்கு வந்துவிடட்டும்.

தீவிரமாக இறங்க விரும்பினால் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ மென்பொருளும் இலவசமே. அதற்கு அளவு சரிபார்த்த யூஎஸ்பி மைக் வேண்டும். போன் மைக் மிகக் கீழ்ச்சத்தத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். ஒரே போனில் முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும்.


சிப்புட்வாசி:

நாக்கோ கண்ணாடிதான் அண்ணே, கீழிருந்து மூன்றாவது. 3 அடியில் குரல் நன்றாக இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிட்டேன். 57க்கு பில்டர் போட்டதும் 76க்கு வந்துவிட்டது.

சிடி போடும்போது மட்டும் பில்டர் இல்லை. பெட்டி வயரில் ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) தொடராகப் போட்டால் பேஸ் குறையும் என்று டவுனில் ஒருவர் சொன்னார். செய்யலாமா?


பழைய_ஆம்ப்:

பெட்டி வயர்ல வேண்டாம். 8 ஓமுக்கு 80 ஹெர்ட்ஸ்ல வெட்டணும்னா 250 மைக்ரோபாரட் கிட்ட, துருவம் இல்லாத வகை வேணும். வாங்கிப் போட்டாலும் கணக்குப்படி வேலை செய்யாது. வூபர் எல்லா அதிர்வெண்ணுக்கும் 8 ஓம் இல்ல, கீழ்ப்பக்கம் பல மடங்கு ஏறும். கெப்பாசிட்டரும் வூபரும் சேர்ந்து சில இடத்தில பேஸைக் கூட்டியும் விட்டுடும்.

செய்யணும்னா சிடி பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவில, சிக்னல் வயர்ல செய்யுங்க. ஆம்ப் உள்வாங்குற எதிர்ப்பு 47 கிலோ ஓம்னா 0.047 மைக்ரோபாரட் பிலிம் கெப்பாசிட்டர் ஒண்ணு, இடது வலது இரண்டுக்கும் தனித்தனியா, நடு வயர்ல தொடரா. 72 ஹெர்ட்ஸ்ல இருந்து மெதுவா இறங்கும். ஆம்ப் 10 கிலோ ஓம்னா 0.22 போடணும். ஆம்ப் புத்தகத்தில அந்த எண் இருக்கும், பார்க்காம வாங்காதீங்க. ஆனா இது மொத்தமா இறக்கும், 57ஐ மட்டும் தொடாது. 4 டெசிபலுக்காக இவ்வளவு எதுக்கு? சிடியை லேப்டாப்புக்கு மாத்திக்குங்க, இல்லன்னா சிடி கேட்கும்போது மட்டும் ஓட்டையில ஸ்பாஞ்சு செருகிக் கேளுங்க.


தச்சுமேசை:

ஸ்பாஞ்சு இரண்டு பெட்டியிலயும் ஒரே அளவு வெட்டணும் தம்பி. ஒண்ணு இறுக்கம், ஒண்ணு தளர்வுன்னா பேஸ் ஒரு பக்கம் சாயும்.